நல்ல பையன், நல்லவன் இல்லை

பள்ளிக்கூடம் திறக்கப்போகிற நேரம். பழைய வாத்தியார் ஒருத்தர், புதிதாக வந்து சேர்ந்திருக்கும் வாத்தியாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மாணவர் பட்டியலில் விரலை ஓட்டுகிறார். இவன் நல்ல பையன். இவளும் நல்ல பெண். இவன் நல்லவன் இல்லை. இவன் சுத்தமாக நல்லவன் இல்லை, ஜாக்கிரதை. ஒரு நிமிஷம்கூட ஆகாது. புதியவர் பவ்யமாகக் கேட்டுக்கொள்கிறார். பயிற்சி முடிந்தது. இனி வகுப்புக்குப் போகவேண்டியதுதான்.

'ஆந்த்ர் லே ம்யூர்' என்கிற பிரெஞ்சுப் படத்தின் ஆரம்பத்தில் வருகிற காட்சி இது. பேருக்குச் சுவர்களுக்கு நடுவே என்று அர்த்தம். 'தி கிளாஸ்' என்று ஆங்கிலத்தில் வந்தது. 2008இல் கான் திரைப்பட விழாவில் தங்கப் பனை வாங்கிய படம். பிரான்ஸுக்கு அதற்கு முன்னால் அந்த விருது கிடைத்தது 1987இல். 21 வருஷம் கழித்துச் சொந்த ஊர் விழாவில் ஒரு பிரெஞ்சுப் படம் ஜெயித்தது என்றால், அது காதல் படமும் இல்லை, போர்ப் படமும் இல்லை. பாரிஸின் ஒரு மூலையில், ஒரு நடுநிலைப் பள்ளியில், ஒரு வருஷம் ஒரு வாத்தியார் பிரெஞ்சு இலக்கணம் நடத்துகிறார். அவ்வளவுதான் கதை. பாட்டு இல்லை, பின்னணி இசை இல்லை, பள்ளிக்கூடத்துக்கு வெளியே கேமரா கிட்டத்தட்டப் போவதே இல்லை. இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஓடுகிறது. கொட்டாவி வராது. உத்தரவாதம்.

இயக்கியவர் லாரன் காந்தே. 2024இல் காலமானார். கதை, பிரான்சுவா பெகொதோ 2006இல் எழுதிய நாவல். பெகொதோ நிஜத்தில் வாத்தியாராக இருந்தவர். படத்தில் வாத்தியாராக நடித்திருப்பதும் அவரேதான். மாணவர்களாக வருகிறவர்கள் பாரிஸின் 20ஆவது வட்டாரத்தில் ஒரு பள்ளியில் நிஜமாகவே படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள். ஒரு கல்வியாண்டு முழுக்க, புதன்கிழமை மத்தியானங்களில் அவர்களை உட்காரவைத்துப் பேசவிட்டு, சண்டை போடவிட்டு, அதிலிருந்து காட்சிகளை எடுத்திருக்கிறார் காந்தே. வகுப்பில் ஒரே நேரத்தில் மூன்று கேமராக்கள். அதனால்தான் யாரும் நடிப்பதாகவே தெரியவில்லை. அடங்காப்பிடாரியாக வருகிற சுலேமான், நிஜத்தில் படு சாதுவான பையனாம்.

வாத்தியார் படம் என்றாலே நமக்கு ஒரு ஃபார்முலா தெரியும். உருப்படாத வகுப்பு. புது வாத்தியார் வருகிறார். முதல் நாள் அவமானம். இரண்டாவது நாள் ஒரு புத்திசாலித்தனம். இடைவேளைக்குள் பாதிப் பேர் திருந்திவிடுவார்கள். மீதிப் பேர் கிளைமாக்ஸில் அழுவார்கள். 1967இல் சிட்னி பொய்ட்டியர் 'டு சர், வித் லவ்' படத்தில் லண்டன் கிழக்குப் பகுதிப் பிள்ளைகளைத் திருத்தினார். 1995இல் மிஷெல் ஃபைஃபர் 'டேஞ்சரஸ் மைண்ட்ஸ்' படத்திலும், 2007இல் ஹிலரி ஸ்வாங்க் 'ஃப்ரீடம் ரைட்டர்ஸ்' படத்திலும் கலிபோர்னியாவில் அதையே செய்தார்கள். நம்ம ஊரில் 'நம்மவர்', 'சாட்டை' என்று எண்ணிக்கொள்ளுங்கள். எல்லாம் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் வாத்தியார் வேலைக்குப் போகிற 23 வயசுப் பெண்ணுக்கோ பையனுக்கோ இவற்றைப்போல கெடுதல் செய்யக்கூடிய சமாசாரம் வேறு இல்லை. மனசு நிறைய அன்பும் கொஞ்சம் துணிச்சலும் இருந்தால் எந்த வகுப்பையும் ஜெயித்துவிடலாம் என்று அவை நம்பவைக்கின்றன. காந்தேவின் படம் அந்த நம்பிக்கையைத்தான் உடைக்கிறது. அதனால்தான் ஆசிரியர் பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு முதல் வாரத்திலேயே இதைப் போட்டுக் காட்டலாம் என்கிறேன்.

படத்தின் வாத்தியார் பிரான்சுவா மாரன் கெட்டவர் இல்லை. சோம்பேறியும் இல்லை. நகைச்சுவை உணர்ச்சி உள்ளவர். தன் பாடத்தில் கெட்டிக்காரர். நாலு வருஷமாக அந்தப் பள்ளியிலேயே இருக்கிறார். எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் பதின்மூன்று, பதினாலு, பதினைந்து வயசு. மாலியிலிருந்து வந்த குடும்பங்கள், மொராக்கோ, சீனா, கரீபியன் தீவுகள், பிறகு சில வெள்ளைக்காரப் பிள்ளைகள். எல்லோரும் பிரெஞ்சுதான் பேசுகிறார்கள். ஆனால் ஒரே பிரெஞ்சு இல்லை.

முதல் உரசல் ஒரு பேரில் வருகிறது. ஒரு கடினமான சொல்லுக்கு உதாரணமாக, பில் என்ற ஒருத்தன் ருசியாகச் சாப்பிடுவதாக ஒரு வாக்கியத்தை வாத்தியார் போர்டில் எழுதுகிறார். உடனே இரண்டு பெண்கள் பிடித்துக்கொள்கிறார்கள். எப்பப் பார்த்தாலும் ஏன் பில்? ஏன் எப்பவும் வெள்ளைக்காரப் பேராகவே வருது? ஐசத்தா, ரஷீத் இதெல்லாம் பேர் இல்லையா? வாத்தியாருக்குச் சிரிப்பும் எரிச்சலும் ஒன்றாக வருகிறது. உங்கள் ஒவ்வொருத்தர் பூர்வீகத்துக்கும் ஒரு பேர் தேடினால் இன்றைக்குப் பாடம் முடியாது என்கிற மாதிரி ஏதோ சொல்கிறார். தர்க்கமாகப் பார்த்தால் அவர் சொல்வது சரி. ஆனால் அந்தப் பெண்கள் கேட்டது பேர்ப் பட்டியல் இல்லை. இந்த வாக்கியங்களில் நாங்கள் என்றைக்காவது சாப்பிடுவோமா, நடப்போமா, இருப்போமா என்பதைத்தான். அந்தக் கேள்வி அவர் காதில் குறும்பாக விழுகிறது. கேட்டவர்களும் பாதி குறும்பாகத்தான் கேட்டார்கள், அது வேறு விஷயம். பதினாலு வயசில் சீரியஸான கேள்வியைச் சீரியஸாகக் கேட்க யாருக்கு வரும்?

அடுத்தது இலக்கணம். பிரெஞ்சில் ஒரு வினை வடிவம் இருக்கிறது. பேச்சில் யாரும் பயன்படுத்துவதில்லை. பழைய இலக்கியத்தில் உண்டு. அதை நடத்த ஆரம்பித்ததும் வகுப்பு கிளர்ந்தெழுகிறது. எங்க பாட்டிகூட இப்படிப் பேச மாட்டாங்க, இது பணக்காரங்க மொழி, இதைப் படிச்சு என்ன செய்யறது? வாத்தியார் சமாளிக்கிறார். ஆமாம், அலட்டிக்கொள்கிறவர்கள்தான் இப்படிப் பேசுவார்கள் என்று பாதி ஒப்புக்கொண்டு, பாதி சிரித்து மழுப்பி, பேச்சு வேறு எங்கோ போய்விடுகிறது.

படத்தைப் பாராட்டியவர்கள் பலரும் இந்தக் காட்சியில் அவருடைய நேர்மையைப் பாராட்டினார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. இங்கேதான் வாத்தியார் பெரிதாகச் சறுக்குகிறார்.

அமெரிக்காவில் லிசா டெல்பிட் என்று ஒரு கல்வியாளர் இருக்கிறார். கறுப்பினப் பெண்மணி. 1988இல் ஒரு கட்டுரை எழுதினார். பிற்பாடு 1995இல் 'அதர் பீப்பிள்ஸ் சில்ட்ரன்' என்ற புத்தகத்தில் அது சேர்ந்தது. அவர் சொல்வதன் சாரம் இது. அதிகாரத்தில் இருக்கிறவர்களுக்கென்று பேசுவதற்கு, எழுதுவதற்கு, உடுத்துவதற்கு, நடந்துகொள்வதற்குச் சில விதிகள் இருக்கின்றன. அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு அது தாய்ப்பாலோடு வந்துவிடும். மற்ற வீட்டுப் பிள்ளைகளுக்கு யாராவது வாய்விட்டுச் சொல்லித் தந்தாகவேண்டும். நல்ல மனசுள்ள வாத்தியார், சங்கோஜப்பட்டுக்கொண்டு, உன் மொழியே அழகு கண்ணா என்று விட்டுவிட்டால் அந்தப் பிள்ளை ஆயுசு முழுக்க வாசலிலேயே நிற்கும். சரி, விதிகளைக் கற்றுக்கொடுத்துவிட்டு உன் மொழி மட்டம் என்றும் சொன்னால்? அப்போதும் போச்சு. இரண்டையும் சேர்த்துச் சொல்லவேண்டும். இது உன் வீட்டு மொழியைவிட உசத்தி இல்லை. ஆனால் பூட்டு இதற்குத்தான் திறக்கும், அதனால் கற்றுக்கொள்.

மாரன் அன்றைக்குச் சொல்லியிருக்கவேண்டியது இதுதான். பிள்ளைகள் சரியாகவே மோப்பம் பிடித்துவிட்டார்கள், இது பணக்காரர்கள் மொழி என்று. ஆமாம், அதனால்தான் உங்களுக்கு வேண்டும் என்று சொல்ல அவருக்கு யாரும் கற்றுக்கொடுத்திருக்கவில்லை.

கத்தரிக்கோல் சமாசாரம் ஒன்று இருக்கிறது. மேஜைமேல் கத்தரிக்கோல் கிடக்கிறது. நடுத்தர வர்க்க டீச்சர், கத்தரிக்கோல் இருக்கவேண்டிய இடம் இதுவா என்று இனிமையாகக் கேட்கிறார். அவர் வீட்டுப் பிள்ளைக்குப் புரியும், இது கேள்வி இல்லை, உத்தரவு என்று. வேறு வீட்டுப் பிள்ளைக்கு உத்தரவு என்றால், எடுத்து அலமாரியில் வை. கேள்வி என்றால் கேள்வி. அது கத்தரிக்கோலைப் பார்க்கிறது, டீச்சரைப் பார்க்கிறது, சும்மா இருக்கிறது. டீச்சர் நோட்டில் எழுதுகிறார்: கீழ்ப்படிதல் இல்லை. டெல்பிட் இந்த மாதிரி விஷயங்களைச் சொல்லும்போது ஷெர்லி பிரைஸ் ஹீத் என்ற மானுடவியலாளரின் ஆராய்ச்சியைத் துணைக்கு அழைக்கிறார். பாரிஸுக்குத் திரும்புவதற்கு முன்னால் அந்த அம்மாள் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் புது வாத்தியார்களைத் தயார் செய்வது எப்படி என்பதற்கு நான் படித்த வரையில் அதைவிட நல்ல உதாரணம் இல்லை.

1960களின் கடைசி. அமெரிக்காவின் தெற்கே கரோலினா மாநிலங்களில், கறுப்புப் பிள்ளைகளும் வெள்ளைப் பிள்ளைகளும் ஒரே பள்ளியில் படிக்கவேண்டும் என்கிற சட்டம் அப்போதுதான் நிஜமாக நடைமுறைக்கு வந்துகொண்டிருந்தது. ஹீத் அங்கே கல்லூரியில் ஆசிரியர்களுக்கு வகுப்பெடுத்தார். வெள்ளைக்கார டீச்சர்கள் ஒரே புலம்பல். இந்தக் கறுப்புப் பிள்ளைகள் சின்னக் கேள்விக்குக்கூட பதில் சொல்வதில்லை. இது என்ன கலர், இது என்ன மிருகம் என்று கேட்டால் வாயைத் திறப்பதில்லை. வீட்டில் பேசுவதே இல்லையோ என்னமோ.

ஹீத் அந்தப் பிள்ளைகளின் குடியிருப்புக்கு வருஷக்கணக்கில் போய்வந்தார். அதற்கு அவர் வைத்த புனைபெயர் டிராக்டன். அங்கே பிள்ளைகள் ஓயாமல் பேசின. கேள்வி கேட்கப்பட்டன, பதில் சொல்லின, பெரியவர்களையே மடக்கின. ஒன்றே ஒன்றுதான் அங்கே இல்லை. கேட்கிறவருக்கே பதில் தெரிந்த கேள்வி. சிவப்புப் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு இது என்ன கலர் என்று எந்தப் பெரியவரும் கேட்பதில்லை. உனக்குத் தெரியாதா என்ன? அங்கே கேட்பது, இது எதைப்போல இருக்கிறது என்று. பக்கத்து வீட்டுக் காரின் காற்றுப் போன டயரைக் காட்டிக் கேட்டால், இன்னொருத்தர் வீட்டில் ரிப்பேரே ஆகாமல் நிற்கும் காரைப்போல என்று ஒரு வாண்டு பதில் சொல்கிறது. உவமை! நம் தமிழ் வாத்தியார்கள் கட்டிக்கொள்வார்கள்.

பள்ளிக்கூடத்திலோ நாள் பூராவும் பதில் தெரிந்த கேள்விகள்தான். யோசித்துப் பாருங்கள், விசித்திரமான பழக்கம் அது. அந்தப் பிள்ளை எங்கோ ஏமாற்று இருக்கிறது என்று நினைத்துச் சும்மா இருப்பதில் என்ன தப்பு?

ஹீத் அடுத்துச் செய்ததுதான் விஷயம். டீச்சர்களைக் கூப்பிட்டு, டிராக்டன் கலாசாரம் இப்படி, கறுப்பர்கள் பழக்கவழக்கம் இப்படி என்று லெக்சர் அடிக்கவில்லை. அவர்கள் தங்கள் சொந்தப் பிள்ளைகளிடம் வீட்டில் என்னென்ன கேள்வி கேட்கிறார்கள் என்று கவனிக்கிற வேலையில் அவர்களையே இறக்கினார். கவனித்தார்கள். ஆச்சரியப்பட்டார்கள். தாங்கள் இயல்பு என்று நினைத்துக்கொண்டிருந்தது ஒரு தெருவின் வழக்கம் மட்டும்தான் என்பது நோட்டைப் பார்த்ததும் அவர்களுக்கே தெரிந்துபோனது. பிறகு பாடத்தை மாற்றினார்கள். அவர்கள் ஊர்ப் படங்களையே வகுப்பில் காட்டி, இங்கே என்ன நடக்கிறது, நீ இங்கே போயிருக்கிறாயா என்று ஆரம்பித்தார்கள். வாய் திறக்காத பிள்ளைகள் கொட்டித் தீர்த்தார்கள். அதன் பிறகு மெதுவாக, பள்ளிக்கூடத்துக் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் வித்தையையும் கற்றுக்கொடுத்தார்கள். 1983இல் 'வேஸ் வித் வேர்ட்ஸ்' என்ற புத்தகமாக இந்த ஆராய்ச்சி வந்தது.

இப்போது பாரிஸுக்குப் போகலாம்.

வகுப்பில் கும்பா என்று ஒரு பெண். முந்தின வருஷம் வாத்தியாரோடு நன்றாகப் பழகியவள். இந்த வருஷம் வாசிக்கச் சொன்னால் மாட்டேன் என்கிறாள். வகுப்பு முடிந்து அவளை நிறுத்திவைத்து மன்னிப்புக் கேட்கச் சொல்கிறார். அப்படி இல்லை, இன்னும் ஒழுங்காகச் சொல், மனசிலிருந்து சொல். சின்னக் கொடுமைதான், ஆனால் பார்க்க முடியவில்லை. அவள் வேண்டாவெறுப்பாகச் சொல்லிவிட்டு, வாசலுக்குப் போனதும் மனசிலிருந்து சொல்லவில்லை என்று கத்திவிட்டு ஓடுகிறாள். பிறகு ஒரு கடிதம் எழுதி வைக்கிறாள். மரியாதையைப் பற்றிய கடிதம். இனி கடைசி வரிசையில் உட்கார்ந்துகொள்கிறேன், உங்களைப் பார்க்கவே மாட்டேன், பார்த்தால் திமிராகப் பார்க்கிறேன் என்பீர்கள் என்கிற மாதிரி அதில் எழுதியிருக்கிறாள்.

பார்க்கிற பார்வையில்கூட ஒரு இலக்கணம் இருக்கிறது, பாருங்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் பல குடும்பங்களில் பெரியவர் கண்டிக்கும்போது பிள்ளை கண்ணைத் தாழ்த்திக்கொள்வதுதான் மரியாதை. ஐரோப்பியப் பள்ளியில் நிமிர்ந்து பார்க்காவிட்டால் எதையோ மறைக்கிறான் என்பார்கள். கும்பா விஷயத்தில் இதுதான் காரணம் என்று நான் சொல்லவரவில்லை. படமும் சொல்லவில்லை. பதினாலு வயசில் ஒரு பெண் முரண்டு பிடிக்க ஆயிரம் காரணம் இருக்கும். ஆசிரியர் பயிற்சியில் இன்னொரு ஆபத்து இருக்கிறது என்பதற்காகத்தான் இந்தச் சந்தேகத்தையும் சேர்த்துச் சொல்கிறேன். பல நாடுகளில் இப்போது பன்முகக் கலாசாரப் பயிற்சி என்று ஒரு பேப்பர் வைக்கிறார்கள். அதை அவசரத்தில் நடத்தினால் என்ன ஆகும் தெரியுமா? மாலிக்காரர் இப்படி, சீனர் அப்படி, முஸ்லிம் பிள்ளைகளிடம் இதைச் செய்யாதே, அந்தப் பண்டிகைக்கு வாழ்த்துச் சொல் என்று ஒரு சுற்றுலா வழிகாட்டி தயாராகிவிடும். ஸ்டாஃப் ரூமில் நல்லவன், நல்லவன் இல்லை என்று விரல் ஓட்டிய அதே பட்டியல்தான். தலைப்பை மட்டும் மாற்றியிருக்கிறார்கள்.

படத்தில் வாத்தியார்கள் நல்லெண்ணத்தில் குறை வைப்பதில்லை. வெய் என்கிற சீனப் பையனின் அம்மாவைக் குடியுரிமைக் காகிதம் இல்லை என்று போலீஸ் பிடித்துக்கொண்டு போகிறது. எல்லோரும் கைக்காசு போட்டு வக்கீல் வைக்கலாம் என்று பேசுகிறார்கள். நிஜமான அக்கறை. அதே ஆட்கள், தண்டனை விதிகளைப் பற்றிய கூட்டத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும்போதே விவாதம் காபி மெஷினில் விலை ஏறிவிட்டதற்குத் தாவிவிடுகிறது. அதுவும் நிஜம். அரசாங்க ஆபீஸில் மீட்டிங்குக்குப் போனவர்களுக்கு இந்தக் காட்சி புல்லரிக்கும்.

சுலேமானுக்கு வருகிறேன். பின்வரிசை. நோட்டுப் புத்தகம் கிடையாது. எழுதச் சொன்னால் எழுதமாட்டான். தன்னைப் பற்றி எல்லோரும் எழுதவேண்டும் என்று வாத்தியார் சொன்னபோது, இவனுக்கு மட்டும் வேறு வழி காட்டுகிறார். நீ எடுத்த போட்டோக்களுக்குக் கீழே ஓரிரு வரி எழுது போதும். பையன் செய்துவிடுகிறான். அம்மா படம்கூட அதில் இருக்கிறது. வாத்தியார் அதை அச்செடுத்து வகுப்பில் ஒட்டிவைக்கிறார். கிண்டல் பண்ணுகிறாரோ என்று அவன் நம்பமாட்டேன் என்கிறான். பிறகு அவன் முகத்தில் ஒரு கூச்சம் வருகிறது, படம் முழுக்க அந்த ஒரு தடவைதான். இந்த இடத்தில் மாரன் அற்புதமான வாத்தியார். யார் சொல்லியும் செய்யவில்லை, தானாகத் தோன்றியிருக்கிறது. எனக்கு வருத்தம் அதில்தான். தானாகத் தோன்றினால் உண்டு, தோன்றாவிட்டால் இல்லை என்று ஒரு தொழிலை நடத்த முடியுமா? டாக்டருக்கு அப்படி விடுவோமா?

பிறகு எல்லாம் சரிகிறது. மாணவர்களின் தேர்ச்சியைப் பற்றி ஆசிரியர்கள் கூடிப் பேசுகிற கூட்டம். அங்கே மாணவர் பிரதிநிதிகளாக இரண்டு பெண்கள் உட்கார்ந்து, தின்பண்டம் கொறித்துக்கொண்டு கிசுகிசுவென்று சிரிக்கிறார்கள். சுலேமானைப் பற்றிப் பேச்சு வரும்போது, படிப்பில் இவனுக்கு இவ்வளவுதான் என்கிற அர்த்தத்தில் மாரன் ஒரு சொல் சொல்கிறார். அவனுக்கு ஆதரவாகப் பேசுகிற பேச்சில்தான் அதைச் சொல்கிறார். மறுநாள் அது வகுப்பு முழுக்கத் தெரிந்திருக்கிறது. கோபத்தில் மாரன் அந்தப் பெண்களைப் பார்த்து, கூட்டத்தில் நீங்கள் நடந்துகொண்டது இன்ன மாதிரி பெண்கள்போல என்று ஒரு கொச்சை வார்த்தையை விடுகிறார். அவர் அகராதியில் அதற்கு அல்டாப்புப் பெண், அசட்டுப் பெண் என்று அர்த்தம். பிள்ளைகள் அகராதியில் அது விபசாரி. வகுப்பு வெடிக்கிறது. மொழி ஆசிரியர், ஒரு சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று தன் மாணவர்களிடம் விளையாட்டு மைதானத்தில் நின்று வாதாடுகிறார். தோற்கிறார்.

சுலேமான் எழுந்து வாத்தியாரை நீ என்று பேசிவிடுகிறான். பிரெஞ்சிலும் நம்மைப்போலவே நீ, நீங்கள் உண்டு. 'து' என்றால் நீ, 'வூ' என்றால் நீங்கள். வாத்தியார் பிள்ளைகளை நீ என்கலாம், பிள்ளைகள் வாத்தியாரை என்கக்கூடாது. ஆங்கிலேயப் பார்வையாளர்களுக்கு சப்டைட்டில் போட்டும் புரிந்திருக்காது. நமக்குச் சொல்லாமலே முதுகு சில்லிடும். அவன் வகுப்பைவிட்டுப் போகப் பார்க்கிறான், தடுக்கிறார்கள், திமிறுகிறான், அவன் பை கும்பாவின் முகத்தில் பட்டு ரத்தம் வருகிறது. இதற்கு மாரன் எழுதும் அறிக்கையில் பையன் செய்தது எல்லாம் இருக்கிறது. தான் சொன்ன சொல் மட்டும் இல்லை. பிற்பாடு சேர்க்கவேண்டி வருகிறது.

விசாரணை என்று ஒன்று வைத்தால் முடிவு வெளியேற்றம்தான் என்பது ஆசிரியர்களுக்கே தெரியும். டி.சி. கொடுத்து அனுப்பினால் பையனின் அப்பா அவனை மாலிக்கே அனுப்பிவிடுவார் என்று கும்பா வாத்தியாரிடம் வந்து சொல்லியும் விடுகிறாள். அப்படியும் விசாரணை நடக்கிறது.

அந்த விசாரணைதான் படத்தின் உச்சம். சுலேமானின் அம்மா வருகிறார். அவருக்கு பிரெஞ்சு தெரியாது. பள்ளியில் மொழிபெயர்ப்பாளர் யாரும் இல்லை. அம்மா பேசப்பேச, குற்றம் சாட்டப்பட்ட பையனே மொழிபெயர்க்கிறான். நான் நல்ல பையன் என்று அம்மா சொல்றாங்க. வீட்டில் பாத்திரம் கழுவறேனாம். தம்பி தங்கையைப் பார்த்துக்கிறேனாம். தலையைக் குனிந்துகொண்டு, முனகலாக. ஒரு அறை முழுக்கப் படித்தவர்கள் அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். யாருக்கும் இது அபத்தம் என்று தோன்றவில்லை. பிறகு ஓட்டுப் போடுகிறார்கள். முடிவு, வெளியேற்றம். அதையும் அவனே அம்மாவுக்குச் சொல்லவேண்டும்.

நான் பி.காம். படித்தவன். டிரையல் பாலன்ஸ் டேலி ஆகாவிட்டால் வித்தியாசத்தைத் தூக்கி சஸ்பென்ஸ் அக்கவுண்டில் போடுவோம். அப்போதைக்குக் கணக்கு நேராகிவிடும். தப்பு எங்கே என்று பிற்பாடு தேடிக் கண்டுபிடிக்கவேண்டும் என்பதும் அந்தப் பாடத்திலேயே இருக்கிறது. இந்தப் பள்ளி சுலேமானை சஸ்பென்ஸில் போட்டது. தேடவில்லை.

பிரான்ஸில் வாத்தியார்கள் எப்படித் தயாராகிறார்கள் என்று பார்த்தால் மாரன்மேல் கோபம் குறைகிறது. அங்கே உயர்நிலைப் பள்ளி ஆசிரியராவதற்குக் கடுமையான போட்டித் தேர்வு. பாடத்தில் புலியாக இருந்தால்தான் ஜெயிக்கலாம். வேலை கிடைத்ததும் எங்கே போடுவார்கள்? இடமாற்றம் சர்வீஸ் புள்ளிக் கணக்குப்படி நடக்கிறது. மூத்தவர்கள் புள்ளிகளை வைத்துக்கொண்டு சௌகரியமான ஊர்களுக்குப் போய்விடுவார்கள். புள்ளி இல்லாத புதியவர்களில் பெரும் பங்கு பாரிஸைச் சுற்றியுள்ள புறநகர்ப் பள்ளிகளுக்கு. அதாவது அனுபவம் அதிகம் தேவைப்படும் வகுப்புக்கு, அனுபவமே இல்லாதவர். 2010இல் ஒரு சீர்திருத்தம் வந்து, பயிற்சிக்கென்று இருந்த வருஷத்தையும் கிட்டத்தட்டக் காலி செய்து, தேர்வு எழுதியவர்களை நேரே வகுப்பில் தள்ளியது. கூச்சல் எழுந்து, 2013இல் பயிற்சிப் பள்ளிகளைப் புதிதாக அமைத்தார்கள். 2019இல் பேரை மாற்றினார்கள். பேர் மாற்றுவதில் எல்லா அரசாங்கமும் ஒன்றுதான்.

இதில் பிரான்ஸுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. குடியரசின் முன்னால் எல்லோரும் வெறும் குடிமக்கள், வீட்டு மொழி, மதம், பூர்வீகம் எதையும் அரசு பார்க்காது என்பது அவர்களின் கொள்கை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்கூட இனமோ மதமோ கேட்பதில்லை. 2004இல் பளிச்சென்று தெரியும் மத அடையாளங்களைப் பள்ளியில் அணியக்கூடாது என்று சட்டமே போட்டார்கள். நல்ல நோக்கத்தில் பிறந்த கொள்கைதான், சந்தேகமில்லை. ஆனால் பார்க்கக்கூடாது என்று சொல்லிக்கொடுக்கப்பட்ட வாத்தியார், பார்க்கவேண்டிய நேரத்தில் எப்படிப் பார்ப்பார்? சுலேமானின் அம்மாவுக்கு ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்பது யார் கண்ணிலும் படாததற்கு மனிதர்களின் கல்நெஞ்சம் காரணம் இல்லை.

லா ஷப்பல் பக்கம் போய்வந்த தமிழர்களுக்கு இந்த அம்மாவைத் தெரிந்திருக்கும். இலங்கையிலிருந்து போய் அங்கே குடியேறிய குடும்பங்களிலும், பள்ளிக்கூடக் கடிதத்தையும் அரசாங்கக் கடிதத்தையும் அப்பா அம்மாவுக்குப் படித்துச் சொன்னது பிள்ளைகள்தான். பத்து வயசில் வீட்டின் வக்கீல். தன்னைப் பற்றிய புகாரையே தான் மொழிபெயர்க்கும்போது ஒரு பிள்ளை என்ன சொல்லும், எதை விழுங்கும் என்பது எந்த பி.எட். பாடத்திலும் வராது.

படத்தின்மேல் எனக்கு ஒரு குறை. பேருக்கு ஏற்ப கேமரா சுவரைத் தாண்டுவதில்லை. வாத்தியாருக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் நமக்கும் தெரியும் என்பது காந்தேவின் உத்தி. சுலேமானின் வீட்டை நாம் பார்ப்பதே இல்லை. வாத்தியாரின் குருட்டுத்தனத்தை நமக்கும் கொடுத்துவிடுகிறார், அது சாமர்த்தியம். ஆனால் அதனால் அப்பா கடுமையானவர், ஊருக்கு அனுப்பிவிடுவார் என்கிற ஒற்றை வரியை நாமும் கேள்வி கேட்காமல் எடுத்துக்கொள்கிறோம். யார் அந்த அப்பா? என்ன வேலை? ஏன் அனுப்புவார்? ஹீத்தைப்போல டிராக்டன் வாசலில் போய் உட்காராத எவருக்கும் அது தெரியப்போவதில்லை. படம் முடிந்து வெளியே வந்தபோது மாரனை எனக்கு முழுசாகத் தெரிந்திருந்தது. சுலேமானை, பாத்திரம் கழுவுவான் என்ற அளவில்.

வருஷக் கடைசி. இந்த ஆண்டு என்ன கற்றுக்கொண்டீர்கள் என்று ஒவ்வொருத்தரையும் கேட்கிறார் வாத்தியார். ஏதேதோ சொல்கிறார்கள். வாயாடி எஸ்மரால்டா, அக்காவின் புத்தகம் ஒன்றை எடுத்துப் படித்ததாகச் சொல்கிறாள். எந்தப் புத்தகம்? பிளேட்டோவின் 'குடியரசு'. மாரன் ஆடிப்போகிறார். இந்தப் பெண்ணையா அந்த வார்த்தை சொன்னோம் என்று அவருக்குத் தோன்றியிருக்குமா, தெரியவில்லை.

மணி அடிக்கிறது, எல்லோரும் ஓடுகிறார்கள். ஒரு பெண் மட்டும் நிற்கிறாள். வருஷம் பூராவும் அவள் பேசி நாம் கேட்டதே இல்லை. சண்டை போடவில்லை, யாரையும் எதிர்க்கவில்லை. மேஜைக்குப் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொல்கிறாள். எல்லாரும் ஏதாவது கத்துக்கிட்டதா சொன்னாங்க. நான் ஒண்ணுமே கத்துக்கலை. மாரன், அப்படி இருக்காது, எல்லோரையும்போல நீயும் கற்றிருப்பாய் என்கிறார். இல்லை, நாம என்ன செய்யறோம்னே எனக்குப் புரியலை என்கிறாள். தொழிற்படிப்புக்குத் தள்ளிவிடுவார்களோ என்று பயப்படுகிறாள். அதற்கு இன்னும் நாள் இருக்கிறது என்று ஏதோ சொல்லிவைக்கிறார். அவள் போய்விடுகிறாள். வெளியே வாத்தியார்களும் பையன்களும் ஃபுட்பால் ஆடுகிற சத்தம் கேட்கிறது.